பவளத் தொட்டியில் பங்காளிகள்

கோயம்புத்தூர்க்காரர்கள் தண்ணீரை இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். குழாயில் முறைவைத்து வருகிற சிறுவாணி 'நல்ல தண்ணி', ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றித் தருவது 'உப்புத் தண்ணி'. முன்னதற்காக நாளெண்ணிக் குடங்களை வரிசைவைத்துக் காத்திருந்த தலைமுறையில் பிறந்த ஒருவன், அதே நல்ல தண்ணீரைச் சவ்வு வடிகட்டியில் செலுத்திக் கடைசித் துளி உப்பும் குளோரினும் நீங்கச் சுத்தி செய்து, பிறகு அதில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்பைக் கலந்து, கடலே இல்லாத இந்தச் சீமையில் ஒரு முன்னறையளவு சமுத்திரத்தை உண்டாக்க முற்படுவானாயின், வீட்டுப் பெரியவர்கள் அதை விளங்கிக்கொள்ளச் சிறிது காலம் ஆகும். மேற்கே கணவாயைக் கடந்தால்தான் பொன்னானிக் கரை. தென்கிழக்கே ஒரு முழு இரவு பயணம் செய்தால்தான் மண்டபம். ஆயினும், மோட்டார் பம்புக்குப் பேர்போன இந்த ஊரில் நீரோட்டம் என்பதன் இயல்பை அறியாத வீடில்லை. ஆகவே தொட்டியை அமைப்பதும், கீழ்த்தொட்டியிலிருந்து நீரை ஏற்றி இறக்குவதும் இங்குள்ளோர்க்குப் பெரிய காரியமாவதில்லை. அவர்கள் தடுமாறுகிற இடம் வேறு: எந்த மீன் எந்த மீனோடு சேரும் என்ற கேள்வி.

அக்கேள்வி பெரும்பாலும் கடை வாசலில், நெகிழிப் பையை உயர்த்திப் பிடித்தபடி, இரண்டே வாக்கியங்களில் முடிந்துபோகிறது. "ஏனுங்ண்ணா, இந்த நீல மீனு எங்கூட்டு நீமோவோட சேருமுங்களா?" என்று ஓர் இளைஞர் கேட்டதையும், "அதெல்லாஞ் சேருமுங்க, சின்ன மீனுதானுங்க, ஒண்ணுஞ் செய்யாதுங்க" என்று விடை வந்ததையும் நான் அருகிருந்து கேட்டிருக்கிறேன். விடை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த மீன் அன்றைக்கு ஓரங்குலமே இருந்தது. ஒன்றும் செய்யாததாகவே இருந்தது. அது வளர்ந்தால் என்ன ஆகும், அந்த வீட்டுத் தொட்டி எத்தனை அடி, அதில் முன்பே குடியிருப்போர் யார், பாறைப் பொந்துகள் எத்தனை என்பவை கேட்கப்படவும் இல்லை, சொல்லப்படவும் இல்லை. இக்கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்விகளைப் பற்றியது.

இதுவரை மீன் வளர்ப்போர் இவ்விஷயத்துக்குக் கூறிவந்த விடைகளை மூன்று வகையில் அடக்கலாம். முதலாவது கணக்கு வழி: ஓர் அங்குல மீனுக்கு இத்தனை கேலன் தண்ணீர் என்று வகுத்து, தொட்டியின் கொள்ளளவை அதனால் வகுத்து, விடையாக வருகிற அங்குலங்களை மீன்களாகப் பங்கிட்டுக்கொள்வது. நன்னீர்த் தொட்டியில் ஒருவாறு உதவிய இக்கணக்கு பவளத் தொட்டியில் பெரும் பிழைக்கு இடமாகிறது. ஏனெனில் ஒரு மீனின் நீளம் இரட்டிக்கும்போது அதன் உடற்பருமன் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. நான்கங்குலக் களவாய் ஒன்று ஓரங்குல மீன்கள் நான்குக்குச் சமம் என்று கருதியவர், மறுநாள் விடியலில் அந்த நான்கையும் களவாயின் வயிற்றுக்குள் அன்றி வேறெங்கும் காணமாட்டார். இரண்டாவது குண வழி: மீன்களைச் சாது என்றும் முரடு என்றும் பிரித்து, சாதுக்களைச் சாதுக்களோடு வைப்பது. மூன்றாவது அட்டவணை வழி: குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, இந்தக் குடும்பம் அந்தக் குடும்பத்தோடு சேரும், சேராது, எச்சரிக்கை என்று குறித்துவைப்பது. அட்டவணை தொடக்கத்தில் வழிகாட்டுவது உண்மைதான். ஆனால் அதில் 'எச்சரிக்கை' என்று குறித்த கட்டங்களே மிகுதி. எதற்கு எச்சரிக்கை, ஏன் எச்சரிக்கை என்பதைக் கட்டம் சொல்வதில்லை.

குண வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும், ஏனெனில் அனுபவசாலிகளும் அதில் மயங்குகிறார்கள். மீனுக்குக் குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை; ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று கையைக் கடிக்கவும் மற்றொன்று பாறைக்குப் பின் ஒளியவும் கண்டிருக்கிறேன். ஆனால், சாது என்று பெயர்பெற்ற மீன் ஒன்று, தன்னைப் போன்ற உருவமும் தன்னைப் போன்ற வாழ்க்கையும் உடைய இன்னொன்று எதிர்ப்பட்ட மாத்திரத்தில் ஓயாது துரத்திக் கொல்லவும், முரடு என்று பெயர்பெற்ற மீன் ஒன்று தன் வாயருகே நீந்தும் வேற்றுவகை மீனை ஏறெடுத்தும் பாராமல் ஆண்டுக்கணக்காய் இருக்கவும் காண்கிறோமே, இதற்குக் குணம் என்ற ஒரு சொல் எப்படி விடையாகும்?

ஆஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ், பின்னர் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர், 1963-இல் வெளியிட்ட தம் நூலைப் பவளப்பாறை மீன்களிடமிருந்தே தொடங்கினார். கடலிலும் கண்ணாடித் தொட்டியிலும் கண்டவற்றைக் கொண்டு அவர் கூறியது இது: பாறை மீன் தன் இனத்தானையே மிகக் கடுமையாய்த் தாக்குகிறது, அயல் இனத்தானைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது, காரணம், ஒரே உணவை ஒரே முறையில் தேடுபவன் தன் இனத்தானே. அம்மீன்களின் அபாரமான வர்ணங்களெல்லாம் 'இந்த இடம் எனக்குரியது' என்று தன் இனத்துக்கு அறிவிக்கும் விளம்பரம் என்ற அவருடைய மற்றொரு முடிவைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. முதல் முடிவும் ஒரு திருத்தத்துடனேயே நிற்கிறது. அத்திருத்தத்தைத் தந்தது ஒரு குடியானவ மீன்.

ஸ்டிகாஸ்டஸ் என்ற பெயருடைய டாம்சல் வகையில் சில, பாறையின்மேல் ஒரு சிறு பாசித் தோட்டத்தை வளர்க்கின்றன. வேண்டாத பாசியை வாயால் பிடுங்கி எல்லைக்கு அப்பால் துப்புகின்றன; வேண்டிய பாசி தழைத்தவுடன் அதை மேய்ந்து வாழ்கின்றன. களையெடுப்பது, காப்பது, அறுவடை செய்வது ஆகிய மூன்றும் நம் தோட்டங்களில் நடப்பது போலவே அங்கும் நடக்கின்றன. இந்த மீன் யாரைத் துரத்துகிறது? தன் இனத்தை மட்டுமன்று. பாசி மேயும் டாங் மீனை, கிளிமீனை, ஓராவை, கடல் முள்ளெலியைக்கூட, அவை தன்னைப்போல் பத்து மடங்கு பெரிதாயினும் துரத்துகிறது. பாசியில் நாட்டமில்லாத மீன்களிடம் அதற்கு அவ்வளவு பகைமை இல்லை. ஆகவே, சண்டையின் மூலகாரணம் இனமன்று, ஜீவனம். ஒரே வரப்பின் இருபுறமும் உழுபவர்களுக்குள் வருகிற தகராறு இது. கொங்கு நாட்டுச் சொல்லில் கூறினால், பங்காளிச் சண்டை. மாமன் மச்சானோடு சொத்து இல்லை; ஆதலால் வழக்கும் இல்லை. பங்காளியோடு கிணற்றில் முறை உண்டு, தடத்தில் பாத்தியம் உண்டு, வரப்பில் ஓரடி உண்டு. ஆதலால் தலைமுறை தலைமுறையாய் வழக்கும் உண்டு. எந்த மீன் எந்த மீனோடு சேரும் என்று கேட்பவர், உண்மையில் கேட்கவேண்டியது, என் தொட்டியில் இப்போது இருப்பவர்களுக்கு இந்தப் புதியவன் பங்காளியா என்பதே.

பங்கு மூன்று பொருளில் விளைகிறது: ஆகாரம், உறைவிடம், உருவம். ஆகாரம் மேலே சொன்னது. உறைவிடம் என்பது பகலில் பதுங்குவதும் இரவில் உறங்குவதுமான பொந்து. கடலில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பகலெல்லாம் பவளத்தைச் சுற்றித் திரிந்த டாம்சல்கள் அந்தியில் அதன் கிளைகளுக்குள் ஒடுங்க, பகலெல்லாம் உள்ளே கிடந்த கார்டினல் மீன்கள் அவ்வேளையில் வெளியே புறப்படுகின்றன. பஞ்சாலையில் ஒரே ராட்டையின் முன் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி நிற்பது போல, ஒரே பாறை இரு வகையினர்க்கும் இடந்தருகிறது. பகல் மீன்களாகவே வாங்கி நிறைப்பவர் இந்தப் பாதி இடத்தை வீணாக்குகிறார். உருவம் என்பது சற்று வியப்பான விஷயம்: மஞ்சள் நிறமும் தட்டையுடலும் உடைய ஒரு மீன், அதே நிறமும் உருவமும் உடைய வேற்றினத்தைத் தன் பங்காளியென்றே எண்ணித் தாக்கும். ஆகவே, கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டை ஒரு தொட்டியில் இடாதிருப்பது நலம்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். இனி, இந்த ஊருக்கென்று இரண்டு நிபந்தனைகள் உண்டு. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உடைய தொட்டி, நம் வீடுகளில் சாதாரணமாகக் காண்பது, கணக்கில் 255 லிட்டர். அதில் பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தால் இன்னும் குறைவு. கடல்நீர் நன்னீரைவிடக் குறைவாகவே பிராணவாயுவைத் தாங்கும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். பங்குனி, சித்திரையில் கோவையின் வெயில் ஏறும்போது, சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது எளிது. பவளத்துக்கு உகந்ததோ 25 முதல் 27 டிகிரி வரை. 2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்கள், மீன்களின் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரி கேலன் கணக்கன்று, மின்சாரமே என்பதை அறிவார்கள். பம்பு நின்று ஆறு மணி நேரம் கழித்தும் எத்தனை மீன் மூச்சுவிட முடியுமோ அத்தனையே அத்தொட்டிக்கு உரிய தொகை. என் அனுபவத்தில், மேற்சொன்ன அளவுத் தொட்டிக்கு ஆறேழு சிறு மீன்கள் போதும். எட்டாவதைச் சேர்க்கும் முன் மிகவும் யோசிக்கவேண்டும்.

இனி மீன்களுக்கு வருவோம். 2003-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றின் பயனாக, குழந்தைகள் முதலில் கேட்பது நீமோவும் டோரியும். முதலாவது, கோமாளி மீன், வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற மீன்களுள் தலையாயது. இரண்டாவது, ஓரடி வளரும் டாங் வகை, நாள் முழுதும் கடலில் நெடுந்தூரம் நீந்தி மேய்வது, நான்கடித் தொட்டியில் அடைக்கத் தகாதது. பெற்றோர் இதை மட்டும் குழந்தைகளுக்கு எடுத்துச் சொன்னால் பெரிய நன்மை.

கோமாளி மீனின் குடும்ப ஒழுங்கு அறிந்து வியக்கத்தக்கது. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாது வரிசையில் காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகிறது. காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகிறது. இதை ஃப்ரிக்கே என்ற ஆராய்ச்சியாளர் தம் துணைவியாருடன் 1977-இல் எழுதி வெளியிட்டார். இந்த உண்மையிலிருந்து வளர்ப்போனுக்கு நேரடியான விதி ஒன்று கிடைக்கிறது: அளவில் வேறுபட்ட இரண்டு இளங்குஞ்சுகளை வாங்கவேண்டும், பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் தாமே அமைந்துவிடும். மூன்றாவதை வாங்கலாகாது, கடலில் வரிசையில் காத்திருக்க இடம் உண்டு, தொட்டியில் இல்லை. வேறோர் இனக் கோமாளியையும் உடன் வைக்கலாகாது. கடற்சாமந்தி இல்லாவிட்டால் இவை வாழா என்ற எண்ணமும் தவறு. தொட்டியில் அது இடம்விட்டு இடம் நகர்ந்து, பவளங்களைச் சுட்டு, கடைசியில் பம்பின் வாயில் சிக்கி அரைபட்டுத் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடக்கூடும். அது இல்லாமலே கோமாளிகள் ஒரு தோற்பவளத்தை வீடாக்கிக்கொண்டு நலமாய் வாழ்கின்றன.

டாம்சல்கள் விஷயத்தில் நான் என் தவற்றையே சொல்லவேண்டும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அக்காலத்தில் எதற்கும் தாங்கும் மீனாக நாலு டாம்சல்களை விடு என்பது அந்நாளில் எல்லோரும் சொன்ன யோசனை. நான் விட்டவற்றுள், கன்னங்கரேலென்ற உடலில் மூன்று வெண்புள்ளிகள் உடையது ஒன்று. அது பிழைத்தது, மற்ற மூன்றையும் பிழைக்கவிடவில்லை. ஓராண்டில் நான்கங்குலமாகி, நடுப்பாறையைத் தன் தலைநகராக்கிக்கொண்டு, பின்னர் வந்த ஒவ்வொரு மீனையும் மூலையில் நிறுத்தியது. அதைப் பிடிக்க வலைவீசிப் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை, வளர்ந்த பவளங்களோடு பாறைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாய் வாளிகளுக்கு மாற்றித் தொட்டியை வெறுமையாக்கிய பிறகே அது கையில் வந்தது. அந்த மீன்மேல் எனக்குக் கோபமில்லை. முதலில் குடியேறியவன் நிலத்தை உரிமை கொண்டாடியது அதன் இயற்கை. முதலில் குடியேற்றியது என் பிழை. அம்மோனியாவில் மீனை வேகவைத்துத் தொட்டியைப் பக்குவப்படுத்தும் அந்தப் பழக்கமும் ஒழியவேண்டியதே. மீனே இல்லாமல் அம்மோனியாவைச் சொட்டுச்சொட்டாய் விட்டு அதே காரியத்தைச் செய்யலாம்.

பவளத்தைத் தின்பவை எவை என்ற வினாவில் தயவுதாட்சணியத்துக்கு இடமில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தின் உயிர்மொட்டுகளையன்றி வேறொன்றையும் உண்ணாதவை. பவளம் வைத்த தொட்டியில் அவை பவளத்தைத் தின்னும், பவளம் இல்லாத தொட்டியில் பட்டினியால் சாகும். இரண்டு வகையிலும் அவற்றை வாங்குவது பாவம். பெரிய ஏஞ்சல் மீன்கள் குஞ்சுப் பருவத்தில் கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு மிக அழகாயிருக்கும். வளர்ந்தபின் உருவமும் வர்ணமும் வேறாகிப் பவளத்தைக் கொத்தத் தொடங்கும். கிளாத்தி, பேத்தை வகைகள் இறாலையும் நத்தையையும் ஓட்டோடு நொறுக்குபவை. பெட்டி மீன் என்ற மஞ்சள் மீன், பார்க்கப் பொம்மை போன்றது, பயந்தாலோ சாகும்போதோ தோலிலிருந்து நஞ்சைக் கசிந்து தொட்டியிலுள்ள அனைத்தையும் தன்னோடு அழைத்துச் செல்லக்கூடியது. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டாங் மீன்களில், நம் இந்துமகா சமுத்திரத்துக்கே உரிய தூளிநீல டாங் கடைகளில் அடிக்கடி தென்படுகிறது; அதன் நீலத்தையும் முதுகின் மஞ்சளையும் பார்த்து மனம் இளகாதவர் இல்லை. ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பற்றுவது அதைத்தான். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அது சுவருக்கும் சுவருக்குமாய் நடை பயின்றே காலம் கழிக்கும். பாசியை மேய ஒரு மீன் வேண்டும் என்பவர், பாறையில் உட்கார்ந்து உதட்டால் சுரண்டும் பிளென்னி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். துப்புரவு செய்யும் ரேஸ் மீனைப் பற்றியும் ஒரு சொல்: பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி வாழும் அம்மீனுக்கு, ஏழு மீன் உள்ள தொட்டியில் போதிய வேலை கிடையாது; ஆகவே கூலியும் கிடையாது; பெரும்பாலானவை சில மாதங்களில் மெலிந்து மடிகின்றன. அந்த வேலையில் ஒரு பகுதியைத் துப்புரவு இறால் செய்யும், மற்ற ஆகாரமும் உண்ணும். மாண்டரின் என்ற பட்டுச்சேலை போன்ற மீனின் கதையும் அதுவே. பாறையில் ஊரும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர்கள் மிகுதியாய்ப் பெருகிய பழந்தொட்டியில்தான் அது பசியாறும்.

சேர்க்கத்தக்கவற்றுள் எனக்கு மிகவும் உகந்தது காவற்கோபியும் அதன் கூட்டாளியான வெடியிறாலும். இறாலுக்குக் கண்பார்வை மங்கல். ஆனால் மணலில் சுரங்கம் தோண்ட வல்லது. கோபிக்குத் தோண்டத் தெரியாது, பார்வை கூர்மை. ஆகவே இறால் தோண்ட, கோபி வாசலில் காவல் இருக்கிறது. என் தொட்டியில் நடுப்பகலில் விளக்கு முழுவெளிச்சத்தில் இருக்கும்போது, இறால் தன் கொடுக்குகளை மண்வெட்டிபோல் முன்னே வைத்துக்கொண்டு மணலைத் தள்ளியபடி வெளிவரும். வரும்போதே அதன் மீசைகளில் ஒன்று கோபியின் உடலைத் தொட்டபடியே இருக்கும். நான் கண்ணாடியருகே விரலை நீட்டினால் கோபி வாலை ஒருமுறை சிலிர்க்கும். அந்தக் கணமே இறால் சுமையை அப்படியே விட்டு உள்ளே மறையும். சேரும் சேராது என்ற நம் கேள்விக்கு இயற்கை தந்த விடைகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை: இருவர் ஜீவனமும் வேறு, ஆதலால் ஒரே வளையில் இருவரும் இருக்க முடிகிறது. இந்த ஜோடி தரைக்கு. கோமாளி ஜோடி நடுநீருக்கு. பாறையிடுக்கில் பகலெல்லாம் ஒடுங்கியிருக்கும் கார்டினல் ஒன்று இரவுக்கு. மேலே நீந்தச் செம்பிழம்பு போன்ற வாலுடைய தீமீன் ஒன்று. மேய ஒரு பிளென்னி. பங்காளிகள் எவரும் இல்லாத குடும்பம் இது. தீமீன் பயந்தால் மேலே துள்ளி வெளியே விழும். தொட்டிக்கு மெல்லிய வலைமூடி அவசியம். அது இல்லாத வீட்டில் காலையில் சோபாவுக்கடியில் உலர்ந்த மீனைக் கண்டெடுத்த துயரத்தை நானும் அறிவேன்.

சேர்க்கும் முறைவரிசை தேர்வைப்போன்றே முக்கியமானது. மிகவும் பயந்த சுபாவமுடையது முதலிலும், இடங்கொண்டாடும் மீன் கடைசியிலும் புகவேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று வாரமாவது கழியவேண்டும். ஏனெனில் ஒவ்வொரு புது மீனின் கழிவுக்கும் ஏற்பப் பாக்டீரியா பெருகக் காலம் வேண்டும். புதியதைப் புகவிடும் உபாயத்தை நம் கிராமத்துப் பெண்மணிகள் முன்பே அறிந்திருக்கிறார்கள். சந்தையிலிருந்து வாங்கிவந்த கோழியைப் பகலில் கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். ஆதலால் அதை இரண்டு மூன்று நாள் கொடாப்பில் கவிழ்த்து, பழைய கோழிகள் வெளியிலிருந்து பார்த்துப் பழகும்படி விட்டு, பிறகு இருட்டிய பின் அடைக்குள் நுழைப்பார்கள். மீனுக்கும் இதுவே: துளையிட்ட தெளிந்த பெட்டியொன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதியதை அதில் சில நாள் இருத்தி, பழையவை பெட்டியை முட்டுவது ஓய்ந்தபின், விளக்கணைத்த இரவில் திறந்துவிடவேண்டும். பாறைகளில் இரண்டொன்றை அன்று இடம் மாற்றி வைத்தால், பழையவர்களின் எல்லைகளும் குலைந்து எல்லோரும் ஒருங்கே புதுக்குடியாகிறார்கள்.

இதற்கும் முன்னே, தனித்தொட்டியில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் புதிய மீனை வைத்துப் பார்ப்பது விட்டுவிடக் கூடாத கடமை. வெள்ளைப்புள்ளி நோயின் கிருமி மீனுடலில் சில நாளே தங்கி, பின் உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடுகட்டி, வாரக்கணக்கில் கழித்து நூற்றுக்கணக்காய்ப் பெருகி, பெரும்பாலும் இருட்டில் வெளிப்பட்டு மீண்டும் மீனைத் தேடுகிறது. புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மகிழ்பவர் ஏமாறுவது இதனால்தான். அதற்குரிய செம்பு மருந்தோ பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். ஆதலால் பவளத் தொட்டிக்குள் நோய் புகுந்தபின் மருந்திட வழியில்லை. மீன்களையெல்லாம் வெளியே எடுத்துத் தொட்டியைப் பத்துப் பதினொரு வாரம் மீனின்றி வைப்பதொன்றே கதி.

கடைசியாக, மீன் எங்கிருந்து வருகிறது என்பது. நம் நாட்டில் கடல்மீனைக் காட்சிக்கு வளர்க்கும் முயற்சி புதிதன்று. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான கடல்மீன் காட்சிசாலை 1909-இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை நடந்தது. அங்கே கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்று கோவை வீட்டுக்கு வரும் மீன் பெரும்பாலும் கடலிலிருந்து பிடிபட்டுப் பல கை மாறி வருவது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்தவையும் உலகச் சந்தைக்கு வந்திருக்கின்றன. நமக்கு அருகிலுள்ள பவளக்கடல் மன்னார் வளைகுடா. அதன் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிய கொடுமையும், 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெப்பத்தால் வெளுத்த துயரமும் கண்ட கடல் அது. கடினப் பவளமும், கடற்குதிரையும், கடல் அட்டையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நம் கடலிலிருந்து எடுத்த கடினப் பவளத்தின் ஒரு துண்டும் வீட்டில் இருத்தல் குற்றம். 2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் கோமாளி, வண்ணத்துப்பூச்சி, ஏஞ்சல் உள்ளிட்ட 158 இனங்களின் விற்பனையையே தடுத்தன; சில மாதங்களில் அவை திரும்பப் பெறப்பட்டன. அவ்விதிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தது தவறு என்பது என் அபிப்பிராயம். பண்ணையில் பிறந்த கோமாளியும், பாறையிலிருந்து பறிக்கப்பட்டுப் பட்டினியால் சாகப்போகிற வண்ணத்துப்பூச்சி மீனும் ஒன்றல்ல.

பண்ணையில் பிறப்பது இங்கேயே சாத்தியமாகிவிட்டது என்பதுதான் மகிழ்ச்சிக்குரிய செய்தி. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் தொடர்ந்து இயங்குகிறது. அங்கும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் கோமாளிகளையும் பல டாம்சல் வகைகளையும் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஜோடி, பாறையை வாயால் துடைத்துச் சுத்தம் செய்து முட்டையிடும். ஆண் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காக்கும். ஒரு வாரம் கழித்து, விளக்கணைந்த சிறிது நேரத்தில் குஞ்சுகள் வெடித்து வெளிவரும். முதல் நாட்களில் ரோட்டிஃபர், பின் ஆர்ட்டீமியா ஊட்டப்பட்டு, இரண்டு வாரத்தில் வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கும். இப்படிப் பிறந்தது சிமெண்டுத் தொட்டியில் நூறு உடன்பிறப்புகளோடு நெருங்கி வளர்ந்தது. உலர்தீவனம் உண்ணப் பழகியது. கண்ணாடிச் சுவரைக் கண்டு மிரளாதது. கடலில் பிடித்ததைவிட விலை சற்று மிகுதியானாலும், முதல் மீன் இதுவே ஆகட்டும் என்று நான் எவருக்கும் சொல்வேன்.

என் தொட்டிக்கு இப்போதுள்ள கோமாளி ஜோடி அப்படி வந்தவையே. இரவுப் பேருந்தில் அட்டைப்பெட்டிக்குள் வந்த பையைக் காலையில் பிரித்து, தனித்தொட்டியின் நீரைச் சொட்டுச்சொட்டாய் ஒன்றரை மணி நேரம் சேர்த்து, அதில் விட்டேன். ஐந்து வாரம் கழித்து, அவற்றைக் கொடாப்புப் பெட்டியோடு பெரிய தொட்டியில் இறக்கிய மூன்றாம் நாள் இரவு, மூடியைத் திறந்து விளக்கை அணைத்தேன். பெரியது முதலில் வெளியே வந்தது. சிறியது அதன் வாலைவிட்டு அகலாமல் பின்னே வந்தது. கோபி தன் வாசலிலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டு, வாலைச் சிலிர்க்காமலே இருந்தது.